சிவப்புச் சீட்டு தீரும்வரை

கிரிம்ஸ்பி
9 மார்ச் 2016

நைஜலுக்கு,

போனில் பேச வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதில் மாற்றம் இல்லை. போனை எடுத்தால் நான் அழுவேன், நீங்கள் "சரி சரி" என்பீர்கள், அந்தச் சரியைக் கேட்டால் எனக்கு இன்னும் எரியும். நம் பிள்ளை கேலமோடு பேசுவேன், அதுவும் சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதோடு முடிந்துவிடும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். எழுதும்போது குறுக்கே பேச ஆள் இல்லை.

நீங்கள் இருவரும் கிளம்பியபோது நான் வாசலுக்கு வரவில்லை. டாக்சி முனை திரும்புகிறவரை உங்கள் அப்பாதான் ஜன்னலில் நின்று கையசைத்தார். நான் சமையலறையில், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

இருபத்தொரு வயதுப் பையன் ஏப்ரலில் போய் நிற்க வேண்டும், ஜாடிக்குள் கையை விட்டுச் சீட்டு எடுக்க வேண்டும், கறுப்பு வந்தால் வீடு, சிவப்பு வந்தால் இரண்டு வருஷம் பட்டாளம். எங்கள் தாய்லாந்துச் சட்டம் எனக்குத் தெரியாதா? ஆனால் அவனுக்கு உங்கள் நாடும் இருக்கிறதே. முப்பது வயதுவரை இங்கேயே இருந்துவிட்டால் யார் கிரிம்ஸ்பிக்கு வந்து பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள்? பயிற்சியை முடித்து எலக்ட்ரீஷியன் ஆகிவிட்டான், வேலையும் தயாராக இருக்கிறது. இன்னும் படித்துக்கொண்டிருந்தால் தள்ளிப்போட்டிருக்கலாம். படிப்பை ஒழுங்காக முடித்ததற்குத் தண்டனையா இது?

என் அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள், அவருடைய செயற்கைக் காலைத் தினமும் பார்ப்பீர்கள். நான் அதற்கு முன்னால் இருந்த காலைப் பார்த்தவள். பூன்தம் அண்ணன் சீட்டு எடுத்தபோது எனக்குப் பதினாறு வயது. சிவப்பு என்று கத்தினார்கள், அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருஷம் லாவோஸ் எல்லையில் கண்ணிவெடி. இப்போது அதெல்லாம் இல்லை, முகாமில் புல் வெட்டுவார்கள், அதிகாரி வீட்டுக் காரைக் கழுவுவார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். என் பிள்ளை யார் காரையும் கழுவ வேண்டாம்.

என்னால் வரவும் முடியாது. விசா நீட்டிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் அவர்களிடமே கிடக்கிறது. அது வருமுன் நாட்டைவிட்டு நகர்ந்தால் விண்ணப்பம் செத்துப்போகும், முதலிலிருந்து எல்லாம். உங்கள் அப்பா படியில் விழுந்தார் என்று சோங்க்லாவில் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் நான் இங்கே இருக்கலாமா என்று யாரோ யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மனைவியாக இருக்க அனுமதி வருகிறவரை என் மகனுக்கு அம்மாவாகப் போய் நிற்க முடியவில்லை.

ரத்த அழுத்த மாத்திரை கறுப்புப் பையின் பக்கவாட்டு அறையில் இருக்கிறது. நீங்கள் அங்கே தேடியிருக்க மாட்டீர்கள்.

லம்துவன்


யசோதோன்
19 மார்ச்

அன்புள்ள துவன்,

மாத்திரை கிடைத்தது. உன் கடிதம் வந்த பிறகுதான் கிடைத்தது. அதுவரை பூன்தமின் மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துக்கொண்டோம். திட்டாதே, இரண்டும் ஒரே மாத்திரைதான், டப்பாவில் பார்த்தேன்.

நான் அவனை இழுத்துக்கொண்டு வரவில்லை. அவன்தான் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். தனியாகப் போகட்டும் என்று விட்டிருக்க வேண்டுமா? இங்கே வந்தபின் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"ஒம்பது வருஷம் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கணுமாப்பா? மாமாவுக்கு ஒண்ணுன்னா நான் வர முடியாது. அம்மா நாளைக்கு இங்க வந்து இருக்கணும்னு ஆசப்பட்டா, அவங்களப் பாக்க வர முடியாது. ஏர்போர்ட்லயே நிறுத்திடுவாங்க. ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம், முடிஞ்சா முடிஞ்சது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை, துவன். உன்னிடம் இருந்தால் எழுது.

தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை போய்விட்டோம். அங்கே இருக்கிற அம்மாள் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"பையனோட அப்பா எங்க?"

"நான்தான்."

"நீங்களா! சரி, அம்மா எங்க?"

"இங்கிலாந்துல."

"அவங்க உங்க ஊருல, நீங்க அவங்க ஊருல. என்னங்க, ரெண்டு பேரும் வழி மாறிப் போயிட்டீங்களா?"

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கடைசியில்தான் புரிந்தது, அதற்கும் சேர்த்து இன்னொரு முறை சிரித்தார்கள். ஆனால் அந்த அம்மாள்தான் கேலமின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தார். இல்லாவிட்டால் அன்றைக்கு வேறு ஏதோ பையனுக்காகக் காத்திருந்திருப்பார்கள். ஏப்ரல் எட்டாம் தேதி நம் ஊராட்சியின் முறை.

பஸ் நிலையத்தில் கோழி சுட்டு விற்கிற சம்லியை உனக்குத் தெரியுமாம், பள்ளிக்கூடத்தில் உனக்கு இரண்டு வகுப்பு கீழே. அவள் மகன் கோப்புக்கும் இந்த வருஷம்தான். ஒவ்வொரு சோங்க்ரான் பண்டிகைக்கும் நாம் வரும்போது கேலமோடு தண்ணீர் ஊற்றி விளையாடுவானே, அகன்ற வாயோடு, தவளை என்று அர்த்தம் வருகிற பெயர் வைத்தது பொருத்தம் என்று நீகூடச் சொல்வாயே, அவன். அதிகாலையில் எழுந்து கரி மூட்டி, கோழிகளைப் பிளந்த மூங்கிலில் செருகி, அம்மாவுக்கு எல்லாம் தயார் செய்துவிட்டுத்தான் டயர் கடை வேலைக்குப் போகிறான். அப்பா இல்லாத வீடு. ஆனாலும் விலக்குக் கிடையாதாம், அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, பெரிய மகள் பாங்காக்கில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள்.

நாற்பது டிகிரி வெயில். பூன்தம் மச்சான் தன் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, "மச்சான், உங்க கால் ரெண்டும் வேர்க்குது. எனக்கு ஒண்ணுதான்" என்கிறார். அவருக்கு உன் கோபம் தெரியும். உன்னைப் பற்றிப் பேச்சு எடுத்தால் சிரிப்பை நிறுத்திவிடுகிறார்.

அப்பா வீட்டை அதிகம் சூடாக வைக்கிறாரா? கேஸ் பில் பெரிதாக வரும் என்று சொல், கேட்பார்.

நைஜல்


கிரிம்ஸ்பி
29 மார்ச்

நைஜலுக்கு,

பதில் இருந்தால் எழுது என்றீர்கள். பதில் இல்லை. பயம்தான் இருக்கிறது. அதை மட்டும் எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும்.

இன்னொன்று கேட்கிறேன். சின்ன வயதில் கேலமுக்கு இழுப்பு வருமே, மழைக்காலத்தில் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் நடப்பேனே. அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி ஒரு சான்று வாங்குங்கள். பொய் இல்லையே, வந்ததுதானே. நெஞ்சளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அவன் ஆள் நன்றாக இருக்கிறான் என்று காட்டிக்கொள்வதற்காகவே நெஞ்சை நிமிர்த்துவான், உங்களை மாதிரி.

உங்கள் அப்பா வீட்டைச் சூடாக வைப்பதில்லை, நான்தான் வைக்கிறேன். அவர் ஏதும் சொல்வதில்லை. என்னிடம் பேசுவதே டீ வேண்டுமா, கதவு பூட்டியாயிற்றா, இவ்வளவுதான். ஆனால் நேற்று காலண்டரில் எட்டாம் தேதியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். நான் கவனிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் கேட்கவில்லை. இல்லை, தப்பாக எழுதிவிட்டேன். அவர் போட்டதைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்றுதான் கேட்கவில்லை.

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை.

லம்துவன்

சான்று வாங்குங்கள்.


யசோதோன்
12 ஏப்ரல்

என் துவனுக்கு,

எட்டாம் தேதி கேலம் உனக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினான். பிறகு போனிலும் பேசியிருப்பான், ஆனால் அவன் முழுக்கச் சொல்லியிருக்க மாட்டான். அந்த வரிக்குள் அடங்காததை நான் எழுதுகிறேன். இதில் உன் புருஷன் செய்த ஒரு காரியமும் வருகிறது, பொறுத்துக்கொள்.

சான்று வாங்கப் போனோம். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இந்த நெஞ்சுக்கா? குதிரை மாதிரி இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கேலமுக்குப் பெருமை வேறு.

கோயில் மண்டபத்தில்தான் நடந்தது. காலையிலேயே பையன்களைச் சட்டை கழற்றி, வெறுங்காலோடு, கையில் நம்பர் எழுதி, வரிசையாகத் தரையில் உட்கார வைத்தார்கள். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். எனக்குப் பக்கத்தில் சம்லி. கடையை மூடிவிட்டு வந்திருந்தாள். அவித்த ஒட்டரிசியை உருட்டி உருட்டி என் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "சாப்பிடுங்க, வயிறு காலியா இருந்தா பயம் கூடும்" என்றாள். அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

கேலம் உயரம் அளக்கப் போனதும் கூட்டம் கத்த ஆரம்பித்தது. மைக்கில் இருந்த அதிகாரி ஜாலியான ஆள்.

"ஏ வெள்ளக்காரத் தம்பி, நம்ம பேச்சு வருமா?"

கேலம் அப்படியே உன் ஊர்ப் பேச்சில், "வரும்ணே. கூட்டத்தப் பாத்தா பயமும் சேந்து வருது" என்றான்.

மண்டபமே அதிர்ந்தது. பெண்கள் விசில் அடித்தார்கள். "இவன விட்டுருங்கய்யா, எம் பொண்ணுக்குப் பாத்துக்கறேன்" என்று ஒருத்தி கத்தினாள். நானும் சிரித்தேன். பூன்தம் மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தவர் கடைசிவரை விடவில்லை.

பிற்பகலில் சீட்டு. ஜாடியை ஆள் உயரத்துக்கு மேலே வைத்திருந்தார்கள், உள்ளே பார்க்க முடியாது. எட்டிக் கையை விட்டு எடுத்து அதிகாரியிடம் கொடுக்க வேண்டும், அவர் பிரித்துப் படிப்பார். கறுப்பு என்றால் பையன் குதிப்பான், ஒருவன் மயங்கியே விழுந்தான். சிவப்பு என்றால் இரண்டு பேர் தோளைப் பிடித்து இன்னொரு மேசைக்கு அழைத்துப் போவார்கள். நம் ஊராட்சி கடைசி. சிவப்பு எத்தனை மிச்சம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். முதலில் நிறைய சிவப்பு போனது, எனக்கு மூச்சு வந்தது. பிறகு வரிசையாகக் கறுப்பு. ஒவ்வொரு கறுப்புக்கும் மற்றவர்கள் ஆரவாரம் செய்ய, நானும் சம்லியும் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

"சிவப்பு இன்னும் ஒண்ணுதான்! பசங்க பதினோரு பேர்!"

அதில் முதல் ஆள் கோப். அடுத்தது கேலம். இருவர் கையிலும் அடுத்தடுத்த நம்பர்.

கோப் எழுந்து போனான். போகும்போது கேலமின் தலையில் தட்டிவிட்டுப் போனான். கையை விட்டான், எடுத்தான், கொடுத்தான். அதிகாரி பிரித்தார்.

"சிவப்பு. தரைப்படை." பிறகு, "சிவப்பு தீந்துருச்சு. மிச்சம் பேர் எடுக்க வேணாம், எல்லாரும் வீட்டுக்குப் போலாம்!"

துவன், நான் கத்தினேன். கால்பந்து மைதானத்தில் கத்துவது போல, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, குதித்துக் கத்தினேன். மச்சானைக் கட்டிக்கொண்டேன். திரும்பியபோது சம்லி நின்றுகொண்டிருந்தாள். ஒட்டரிசிக் கூடை அவள் கையிலேயே இருந்தது.

என் கை அப்படியே இறங்கியது. மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் தாய்லாந்து மொழியில் எனக்கு ஒரு சொல் வரவில்லை. ஆங்கிலத்தில்கூட வரவில்லை.

அவள்தான் சொன்னாள். "நிறுத்திட்டீங்களே, ஏன்? உங்க புள்ள தப்பிச்சுட்டான்ல. நானா இருந்தா இதவிட ஆடியிருப்பேன்." சொல்லிவிட்டு மகனிடம் போனாள்.

கேலம் துள்ளவில்லை. கோப்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். பிக்கப் வண்டியில் திரும்பினோம். பாலம் தாண்டியதும், "நான் கையே விடலப்பா. எனக்கு வரவேண்டியத அவன் எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கு" என்றான்.

பூன்தம் மச்சான்தான் முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே சொன்னார். "எனக்கு முன்னாடி நின்னவன் கறுப்பு எடுத்தான். அவன் மேல எனக்கு ஒரு நாளும் கோவம் வந்ததில்ல. நான் கெளம்பற வரைக்கும் எங்கூடவே சுத்துனான், என் வேலையெல்லாம் அவன் செஞ்சான். அது போதும்னு இருந்துச்சு. எனக்கு இன்னிக்கு வரைக்கும் அவன் சிநேகிதன்தான்."

மறுநாள் கேலம் கோப்பிடம் கேட்டிருக்கிறான், பட்டாளத்துக்குப் போகுமுன் என்ன செய்யணும்டா என்று. கடல் பார்க்கணும் என்றானாம். இருபத்தொரு வயதாகிறது, கடலைப் பார்த்ததே இல்லையாம். நேற்று இருவரும் சோங்க்லாவுக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். நம் பழைய வீட்டுக்கு எதிரே இருக்கிற கரையில் உட்கார வைப்பேன் என்றான். அங்கிருந்து பாங்காக் வந்து, இருபத்தொன்றாம் தேதி விமானத்தில் கேலம் உன்னிடம் வருகிறான். விலக்குச் சான்று அவன் பையில் பத்திரமாக இருக்கிறது, இரண்டு நகல் மச்சானிடம். இனி அவன் எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம், யாரும் கேட்க முடியாது.

அவனோடு நான் வரவில்லை. கோப் கடலைப் பார்த்துவிட்டு வந்து, மே மாதம் பட்டாளத்துக்குப் போய், சம்லியின் பெரிய மகள் பாங்காக்கிலிருந்து வந்து சேர்கிறவரை கடையில் கரி மூட்ட ஆள் வேண்டும். நான்தான் அந்த ஆள். கடலில் எண்ணெய் மேடையில் இருபது வருஷம் சமைத்தவன் நான் என்று சொன்னேன். சம்லி நான் செருகிய கோழியைத் தூக்கிப் பார்த்து, "இது கோழியா, விபத்தா?" என்றாள். இரண்டு நாளில் கொஞ்சம் தேறியிருக்கிறேன். கட்டை விரலில் மட்டும் கொப்புளம்.

நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போன் செய்து விடுப்பை நீட்டிவிட்டேன். சம்பளம் கிடையாது என்றார்கள். சரி என்றேன். உனக்கு அந்தச் சொல் பிடிக்காது, தெரியும்.

உன் நைஜல்


கிரிம்ஸ்பி
25 ஏப்ரல்

என் நைஜலுக்கு,

என் புருஷன் இன்னொருத்தி கடையில் கோழி சுடுகிறார் என்று மீன் ஃபாக்டரியில் சொன்னேன். மேசைக்கு மேசை செய்தி போய்விட்டது. போலந்துக்காரி ஒருத்தி எனக்காக வருத்தப்பட்டுக் கேக் கொண்டுவந்தாள். நான் மறுக்கவில்லை.

எட்டாம் தேதி என் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாதே. மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, போனை உறையில் சுற்றி ஏப்ரனுக்குள் வைத்திருந்தேன். காலை ஒன்பதே கால். கேலமிடமிருந்து செய்தி: "எடுக்கவே இல்லம்மா." அவ்வளவுதான். எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஓடிவிட்டான் என்று நினைத்தேன்! போலீஸ் துரத்துகிறது, அண்ணன் ஒற்றைக் காலோடு பின்னால் ஓடுகிறார், எல்லாம் கண்ணில் வந்துவிட்டது. மீன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே ஓடி வந்து அவனைக் கூப்பிட்டால் ஒரே இரைச்சல். "விட்டுட்டாங்கம்மா! வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டாங்க!" என்று நாலாம் தடவை சொன்னபோதுதான் காதில் ஏறியது. கார் நிறுத்துமிடத்தில், கையுறையோடு, மீன் வாடையோடு நின்று அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். நீங்கள் குதித்தது பெரிய குற்றம் இல்லை. நான் அங்கே இருந்திருந்தால் சம்லியின் கூடையைத் தட்டிவிட்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் உங்கள் அப்பா தானே டீ போட்டுக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தார். "ஏம்மா, எனக்கும் பதினெட்டு வயசுல கட்டாயப் பட்டாளம் வந்துச்சு, தெரியுமா?" என்றார்.

"தெரியும் மாமா. நைஜல் சொல்லியிருக்கார். பெரிய பெரிய சண்டையெல்லாம் பாத்தீங்களாம்."

"பாக்கல" என்றார். "ரெண்டு வருஷமும் யார்க்‌ஷயர்ல உருளக்கெழங்கு உரிச்சேன். மலைமலையா உரிச்சேன். சண்டைன்னு பையன்கிட்ட சொல்லி வச்சுட்டேன், அப்புறம் மாத்த முடியல. ஆனா எங்கம்மாவுக்கு அது தெரியாதுல்ல? ரெண்டு வருஷமும் தூங்கலயாம். ஒன்னப் பாக்கையில அந்த நெனப்புதான் வந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்துட்டேன்."

மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. பிறகு இருவரும் சிரித்தோம், அவருக்கு இருமல் வருகிற அளவுக்கு. நீங்கள் அவரிடம் கேட்காதீர்கள். உங்களிடம் இன்னும் சண்டை வீரராகவே இருக்கட்டும்.

பதினான்காம் தேதி பாஸ்போர்ட் வந்தது. இன்னும் இரண்டரை வருஷத்துக்கு உங்கள் மனைவியாக இருக்கலாமாம். கூட வந்த விசா அட்டையில் என் படம் திருடி மாதிரி இருக்கிறது. ஜூனில் ஃபாக்டரி விடுமுறையில் ஊருக்கு டிக்கெட் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதற்குள் இங்கே வந்துவிடுவீர்கள், அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் போய் அண்ணனோடு உட்கார வேண்டும். அவர் சீட்டு எடுத்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. பிறகு சம்லியைப் பார்க்க வேண்டும். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. அவள் பிள்ளை போகப் போகிறான், என் பிள்ளை வந்திருக்கிறான். சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இரண்டும் உண்மை. கடையில் ஒரு வாரம் நானும் நிற்கிறேன் என்று அவளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். மசாலா அரைக்க நீங்கள் லாயக்கில்லை, அதற்கு உயிரே கொத்தமல்லி வேர்தான், அதை வெட்டி எறிந்திருப்பீர்கள்.

கேலம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தான். கறுத்து, முதுகெல்லாம் தோல் உரிந்து. வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான், திட்டுவேன் என்று. பையை வாங்கி உள்ளே வைத்தேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. கோப் கடலைப் பார்த்ததும் முதலில் நாக்கால் தொட்டுப் பார்த்தானாம். நிஜமாகவே உப்புதான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னானாம். அதைச் சொல்லும்போது கேலம் சிரித்தான், பிறகு எழுந்து குளிக்கப் போய்விட்டான்.

இப்போது மணி பதினொன்றரை. இன்னும் தூங்குகிறான். கால் இரண்டும் போர்வைக்கு வெளியே, கட்டிலுக்கும் வெளியே. உங்கள் அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீடு முழுக்க வெறும் காலுறையோடு நடக்கிறார். தபால்காரன் கதவைத் தட்டப் போனபோது ஜன்னலில் விரலைக் காட்டி மிரட்டினார். மற்ற நாளாக இருந்தால் இந்நேரத்துக்கு நான் போர்வையை உருவியிருப்பேன்.

தூங்கட்டும். மத்தியானம் எழுப்பித் திட்டிக்கொள்ளலாம்.

உங்கள் துவன்